வெள்ளை எச்சம்

மகள் ஜெசிந்தா வளர்த்த பச்சோந்தியை இப்போது வேதமுத்துதான் பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வண்டியில் ஏறிப்போன மகள் திரும்பி வரவில்லை.

கூண்டிலிருந்த கேமரா தினமும் எட்டு மணிக்கு எச்சத்தைப் படமெடுத்து விலங்கு நல மையத்துக்கு அனுப்பும். எச்சத்தின் நுனி வெள்ளையாக இருந்தால் உடம்பில் நீர் இருக்கிறது. மஞ்சளானால் வறட்சி, உடனே வண்டி வந்து பச்சோந்தியை எடுத்துப்போய்விடும்.

திங்கட்கிழமை எச்சம் மஞ்சளாக இருந்தது. வேதமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மணிக்குள் அதன்மேல் சுண்ணாம்பைத் தடவினார். பிறகு நாளெல்லாம் பச்சோந்தியின் வாயருகே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பிடித்துப் பார்த்தார். அது வாயைத் திறக்கவே இல்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் சுண்ணாம்புதான். மையத்திலிருந்து ‘நலம்’ என்றே பதில் வந்தது.

வியாழக்கிழமை பச்சோந்தி கண்கள் குழிந்து, கிளையிலிருந்து விழுந்து கிடந்தது. துண்டில் பொதிந்து மையத்துக்கு ஓடினார். போய்ச் சேருமுன் உயிர் போயிருந்தது. நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

“மொத நாளே தெரிஞ்சிருந்தா தண்ணி ஏத்தி, ரெண்டே நாள்ல உங்ககிட்ட திருப்பி அனுப்பியிருப்போமே ஐயா” என்றார் மையத்தின் பெண் மருத்துவர்.

வேதமுத்து துண்டிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

“திருப்பி அனுப்புவீங்களாம்மா?”