ஊதாத சைரன்

சைரன் கார் ஷெட்டின் மூலையில், ஒரு பழைய தையல் மெஷினுக்குப் பின்னால் நின்றிருந்தது.

மூன்று கால், வார்ப்பிரும்பு உடம்பு, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. கரண்ட் போனாலும் கையால் சுற்றி ஊதுகிற ஆலைச் சைரன்.

பழைய இரும்பு வாங்கி விற்பவள் அதைப் பார்த்ததும், எதையும் பார்க்காதவள்போல் முகத்தை வைத்துக்கொண்டாள். பதினோரு வருடத் தொழில் கற்றுக்கொடுத்த முகம்.

வீட்டைக் காலி செய்கிறவர்கள் ஷெட்டில் சாமான்களை விற்கப் பரப்பினால் மற்றவர்கள் நாற்காலியையும் பாத்திரத்தையும் தேடிப் போவார்கள். அவள் தேடுவது ஆலைச் சாமான்களை. நின்றுபோன பிரஷர் மீட்டர், கப்பிச் சக்கரம், வேலையாட்கள் அட்டை குத்திய கடிகாரம். துடைத்து, எண்ணெய் விட்டு, படம் எடுத்துப் போட்டால் எங்கிருந்தாவது ஒருவர் கேட்டு வருவார். "நீ இன்னும் விக்காத பழைய இரும்பு நான் ஒருத்தன்தான்" என்பான் அவள் கணவன்.

வீட்டுக்காரிக்கு அறுபது தாண்டியிருக்கும். கணவர் போய் மூன்று மாதம் ஆகிறது, மகளோடு இருக்கப்போகிறேன் என்று வந்ததுமே சொல்லியிருந்தாள்.

"அது ஊதாதும்மா. எங்க வீட்டுக்காரரு கொண்டாந்து வெச்சது. சும்மா பாக்கறதுக்குத்தான்," என்றாள் இப்போது.

உள்ளே போன் அடித்தது. போய்விட்டாள்.

ஊதாது என்றால் விட்டுவிடுகிற ஆள் இல்லை இவள். பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்துப் பக்கத்து மூடியைக் கழற்றினாள். துரு இருக்கும், தூசி இருக்கும், சிலந்தி பிள்ளைகுட்டியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள்.

பல்சக்கரங்கள் பளபளவென்று இருந்தன. தேன் நிறத்தில் கிரீஸ். ஒரு பல்லிடுக்கில்கூட அழுக்கில்லை. யாரோ மாதம் தவறாமல் துடைத்துவைத்த சுத்தம்.

வேலை மிச்சம் என்று மூடியைத் திரும்பப் பொருத்தினாள். எண்ணெய் டப்பா பையைவிட்டு வெளியே வரவேயில்லை.

கைப்பிடியைச் சுற்றினாள்.

முதலில் ஓர் உறுமல். அடுத்த சுற்றில் அது எழுந்தது. மூன்றாவது சுற்றில் தலைக்கு மேல் தகரக் கூரை நடுங்கியது. சத்தம் ஷெட்டைத் தாண்டித் தெருவில் இறங்கி, கோடி வரைக்கும் ஓடியது. கையை எடுத்த பிறகும் சட்டென்று நிற்கவில்லை. இறங்கி, இறங்கி, முனகித்தான் அடங்கியது.

காதைத் தேய்த்துக்கொண்டு சிரித்தபடி திரும்பினாள்.

தெருவில் கதவுகள் திறந்துகொண்டிருந்தன.

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒரு முதியவர் வந்து நின்றார். பிழிந்த துணியை உதறாமல் அப்படியே பிடித்துக்கொண்டு ஒருத்தி. எதிர்வீட்டிலிருந்து ஒரு வயதானவள் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள்.

என்ன சத்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஷெட்டின் பக்கம்கூடப் பார்க்கவில்லை.

எல்லோரும் தெருக்கோடியைத்தான் பார்த்தார்கள். அங்கே கரி படிந்த நீளச் சுவர் ஒன்று நின்றது. கூரை இல்லை. ஜன்னல் ஓட்டைகள் வழியே வானம் தெரிந்தது.

இது ஆலைக்காரர்கள் தெரு என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

எதிர்வீட்டுக்காரிதான் முதலில் ஷெட்டுக்குள் வந்தாள். சைரனைப் பார்த்தாள். கை நீட்டினாள், தொடவில்லை. அதற்குள் வீட்டுக்காரியும் போனோடு உள்வாசலுக்கு வந்திருந்தாள்.

"தீப்பிடிச்ச அன்னைக்கு இது ஊதல," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "முந்தின சனிக்கிழமை ஒத்திகைக்குக்கூட ஊதிச்சு. அன்னைக்கு ஊதல. எம் பையனோட சேத்து மேல் மாடியில ஒன்பது பேரு. கீழ எரியறது யாருக்கும் தெரியல. கைப்பிடி இறுகிடுச்சு, எவ்வளவோ பாத்தேன், சுத்த முடியலன்னு இவங்க வீட்டுக்காரர்தான் விசாரணையில சொன்னாரு. வாட்ச்மேன் அவருதானே. மிஷின் மக்கர் பண்ணா மனுஷன் என்ன செய்வான்னு இருபது வருஷமா மனசைத் தேத்திட்டு இருக்கேன்."

மூச்சு வாங்கியது. அவள் பார்வை பழைய இரும்புக்காரியின் கிரீஸ் ஒட்டிய விரல்களில் வந்து நின்றது.

"நீங்கதானேம்மா இப்ப சரி பண்ணீங்க?"

குரல் கையேந்தியது.

தொழிலில் எத்தனையோ பொய் சொன்னவள்தான். ஆனாலும் நாக்கு புரள நேரம் எடுத்தது.

"ஆமாங்க," என்றாள். "உள்ள ஒரே துரு. இப்பதான் எண்ணெய் விட்டேன்."

எதிர்வீட்டுக்காரியின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டாள். மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே திரும்பினாள். தெருவில் ஒவ்வொருவராக உள்ளே போகத் தொடங்கியிருந்தார்கள்.

"அக்கா."

வீட்டுக்காரி உள்வாசற்படியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். மடியில் கிடந்த போனில் மகள் "அம்மா, அம்மா, என்னம்மா சத்தம்" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

"அவங்க ஒண்ணும் சரி பண்ணலக்கா. அதுக்கு என்னைக்கும் ஒரு ரிப்பேரும் இல்ல. அன்னைக்கு அவரு ஆலை கேட்டுலயே இல்ல."

எதிர்வீட்டுக்காரி திரும்பவில்லை. நின்றாள்.

"சாப்பிட வந்தாரு. ராத்திரி டியூட்டியும் சேத்துப் பாத்து முகமே கறுத்துப் போயிருந்துச்சு. கிளம்பினவரை நான்தான்க்கா, கொஞ்ச நேரம் கண்ணசந்துட்டுப் போங்கன்னேன்."