இடப்பக்க டிரம்பெட்

ஆல்பம் வெளியாகிப் பதினாறு மணி நேரம் ஆகிறது.

ஒத்திகை அறையில் பிரியாணிப் பொட்டலங்கள் திறந்து கிடக்கின்றன. யாரும் உட்காரவில்லை.

சாக்ஸபோன் வாசிக்கும் கமலேஷ் போனை முகத்துக்கு நேரே பிடித்து ஒரு விமர்சனத்தை உரக்கப் படிக்கிறான்.

சென்னையிலிருந்து இப்படி ஓர் ஆசிட் ஜாஸ் ஆல்பம் வரும் என்று எழுதியவர் எதிர்பார்க்கவில்லையாம். வலப்பக்கத்தில் சாக்ஸபோன் கொதிக்கிறதாம். இடப்பக்கத்தில் டிரம்பெட் அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்கிறதாம். ஒலியை இப்படி ஒரு பக்கமாகச் சாய்க்கத் தனித் துணிச்சல் வேண்டுமாம்.

எல்லோரும் அவளைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள்.

ஒன்பது பாட்டையும் மிக்ஸ் செய்தது அவள்தான். தனியாக. ஹெட்போனில்.

"மேடத்தைக் கையில பிடிக்க முடியாது இனிமே" என்கிறான் கமலேஷ். "ஒரு மியூசிக் டைரக்டர் ஆபீஸ்ல இருந்து உன் நம்பர் கேட்டாங்க. குடுத்துட்டேன். நாளைக்குக் கூப்பிடுவாங்க."

அவள் சிரிக்கிறாள்.

அவள் படித்தது வேதியியல். ஆல்பத்தைப் பற்றிச் சொன்னபோது வீட்டில் புரிந்தது ஆசிட் என்ற சொல் மட்டும்தான். கையில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள் என்றாள் அம்மா. விளையாட்டுக்குச் சொன்னாளா என்று தெரியவில்லை.

செல்வின் அண்ணன் கைதட்டவில்லை.

டிரம்பெட் அவருடையது.

பெரம்பூர்க்காரர். இத்தனை வருடமும் கல்யாண ஊர்வலங்களில் வாசித்தவர். அவர் பெயர் அச்சில் வந்த முதல் ஆல்பம் இது. காலையில் சர்ச் முடிந்ததும் சொந்தக்காரர்களை வீட்டுக்கு அழைத்து, புது ஸ்பீக்கரில் போட்டுக் காட்டியிருக்கிறார்.

"என் பொண்ணு கேக்குறா" என்று கமலேஷிடம் சொல்கிறார். "இதுல நீ எங்கப்பா இருக்கேன்னு."

கமலேஷ் சிரித்துவிடுகிறான். பிறகு நிறுத்திக்கொள்கிறான்.

செல்வின் அண்ணன் டிரம்பெட்டை உறையில் வைத்து மூடுகிறார். பொட்டலத்தைத் தொடவில்லை. அவளைத் தாண்டி வெளியே போகிறார்.

வெளியிடுவதற்கு முன்னால் எல்லோரும் கேட்டார்கள்தான். பைக்கை நிறுத்தி, டீக்கடையில், வரிசையில் நின்றபடி. எல்லோரும் போனில் கேட்டார்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் இடமும் இல்லை, வலமும் இல்லை. சூப்பர் என்றார்கள். செல்வின் அண்ணனும் சொன்னார்.

மிக்ஸ் செய்தபோது திரையில் வலப்பக்க ஒலியளவு மீட்டர் ஏறி நின்றதை அவள் பார்த்தாள். ஒவ்வொரு பாட்டிலும்.

திரையைப் பார்த்து மிக்ஸ் செய்பவர்களை இந்தத் தொழிலில் யாரும் மதிப்பதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு பக்கமும் காதில் சமமாகும்வரை வலப்பக்க ஒலியை ஏற்றினாள்.

சமமாகத்தான் இருந்தது.

போன வாரம்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் ஆல்பம் அனுப்பியாகிவிட்டது. வாயைத் திறந்தால் திருத்தி மறுபடி இணையத்தில் ஏற்றலாம். திறந்தால் நாளைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அவள் படியிறங்குகிறாள்.

அவர் கீழே பைக்கை உதைத்துக்கொண்டிருக்கிறார். அது கிளம்ப மறுக்கிறது.

"அண்ணா."

"போய்ச் சாப்புடும்மா. ஆறிடப் போவுது."

"வேணும்னு செய்யலண்ணா."

"கல்யாண பேண்டுக்காரன்தானே. ஓரமா நிக்கட்டும்னு விட்டுட்ட. பழகிப்போச்சு எனக்கு. மாப்பிள்ளை கார்ல போவாரு, நாங்க சாக்கடை ஓரமா நடந்தே வாசிப்போம்."

"அப்படி இல்லண்ணா."

மாடியில் யாரோ முதல் பாட்டை மறுபடி போடுகிறார்கள். சாக்ஸபோன் தெருவரைக்கும் வருகிறது.

அவர் உதைப்பதை நிறுத்துகிறார். அண்ணாந்து பார்க்கிறார். டிரம்பெட் வரவேண்டிய இடம் வந்து போகிறது.

"ஊருக்கே கேக்குது, ஒரு பக்கம் சாஞ்சு கெடக்குன்னு. உனக்கு மட்டும் கேக்கலையா?"

அவள் கேட்கவில்லை என்று தலையாட்டுகிறாள். அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"இல்லண்ணா" என்கிறாள். "எனக்கு வலது காது சரியாக் கேக்கல."