உங்களுக்காகவே

வசுமதி உடை மாற்றும்போதெல்லாம் கொழுந்தன் சிபிக்கு அந்த அறையில் ஏதாவது எடுக்க வேண்டியிருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கணவனிடம் சொன்னதற்கு, "சின்னப் பையன்டி, கண்டுக்காத" என்றான். யாருக்கும் சொல்லாமல் போனில் தாழ்ப்பாள் தேடினாள். ஆன்லைனில் வாங்க வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணக்கு. மறுநாள் சாப்பிடும்போது சிபி தன் போனைத் திருப்பிக் காட்டினான். திரை முழுக்கத் தாழ்ப்பாள்கள்.

"என்னண்ணி, நம்ம வீட்டுக்குத் திருடன் வந்துட்டானா?"

மாமியார் சிரித்தார். கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வசுமதி போனைப் பிடுங்கினாள். தாழ்ப்பாள்களுக்குக் கீழே, 'உங்களுக்காகவே' என்று அது ஒரு சுத்தியலைக் காட்டியது. அவளுக்கு என்ன வேண்டுமென்று அந்த வீட்டில் அதற்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

"வந்துட்டான்" என்று சிபியின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சுத்தியலை வாங்க அழுத்தினாள்.