மீசையில் சாணி

“நல்லா பாரு வேலாயுதம். உயரம், நடை எல்லாம் உன் பொண்ணு மஹாலட்சுமிதான்.” நெசவாளர் சங்கத் தலைவர் கலியாணசுந்தரம் செல்போனை நீட்டினார்.

வேலாயுதம் சோபாவின் நுனியில் உட்கார்ந்தபடியே பார்த்தார். சிசிடிவியில் பதிவான காட்சி. பட்டுப்புடவைத் தலைப்பால் முகம் மறைய முக்காடு போட்ட ஒருத்தி, சங்கக் கடை போர்டில் சிரித்துக்கொண்டிருந்த தலைவரின் மீசையில் குறி பார்த்துச் சாணியை அப்பினாள். பிறகு ஒன்றும் நடக்காதது போல் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

பவர்லூம் புடவையைக் கைத்தறி என்று சொல்லிச் சங்கக் கடையே விற்கிறது என்று நேற்று காலை நடந்த போராட்டம் அது. முகூர்த்த நாள் வேறு. பாதிப் பெண்கள் கல்யாண மண்டபத்திலிருந்து பட்டுப்புடவையோடு நேராக அங்கே வந்திருந்தார்கள். முன்னால் நின்று கோஷம் போட்டவள் மஹாலட்சுமி என்பதால் பழி அவள் தலையில் விழுந்தது.

அவளுக்கு அரசு வேலை கிடைத்திருந்தது. நன்னடத்தைக்கான போலீஸ் விசாரணை முடிந்ததும் ஆர்டர் வந்துவிடும். இந்த நேரத்தில் ஒரு கேஸ் விழுந்தால் எல்லாம் போச்சு. அந்தப் பயத்தில்தான் வேலாயுதம் தறியை அப்படியே விட்டுவிட்டுத் தலைவர் வீட்டுக்கு ஓடி வந்திருந்தார்.

காபி கொண்டுவந்த தலைவரின் மனைவி கலைவாணி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போகிற சாணிக்குப் போலீஸ் எதற்கு என்றாள். தலைவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இன்றைக்குச் சாணியைச் சும்மா விட்டால் நாளைக்குக் கல் வரும், மறுநாள் கடையே எரியும், அப்புறம் நாடு என்னத்துக்கு ஆவது என்று மேடைப் பேச்சே பேசி முடித்தார். புடவையில் நடந்த போலியைப் பற்றி மட்டும் அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை இல்லை. கலைவாணி டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

“சாயந்தரம் கம்ப்ளைன்ட் குடுக்கப்போறேன். யாரா இருந்தாலும் விடமாட்டேன்பா.”

வேலாயுதம் படத்தை விரலால் பெரிதாக்கினார். முகம் தெரியவில்லை, புடவையின் கரை பளிச்சென்று தெரிந்தது. காஞ்சிபுரத்து நெசவாளருக்கு அது போதும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், அதுவரை நுனியில் இருந்த உடம்பைச் சோபாவில் நன்றாகச் சாய்த்துக்கொண்டார். ஆறிக்கொண்டிருந்த காபியையும் எடுத்துக் குடித்தார்.

“இது எம் பொண்ணு இல்ல தலைவரே,” என்றார், அடுப்படி வரைக்கும் கேட்கிற குரலில். “எங்க வீட்டுல பவர்லூம் புடவையெல்லாம் கட்டமாட்டாங்க. கரையப் பாருங்க, உடம்போட கரையத் தனியா கோக்குற கோர்வை வேலையே இல்ல. ஜரிகையும் பித்தளையாட்டம் இருக்குது. யாரோ ஏமாந்து உங்க கடையில வாங்கினு போயிருக்காங்க.”

தலைவர் திருதிருவென்று விழித்தார். ஆமாம் என்றால் கடையின் மானம் போகும். இல்லை என்று கேஸ் போட்டால் கடைப் புடவைகளையும் சோதிக்க வருவார்கள். பாவம், மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அடுத்து உள்ளறையில் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.

கலைவாணி விடுவிடுவென்று வந்தாள். கையிலிருந்த பட்டுப்புடவையை உதறி, படத்தில் பார்த்த அதே கரை மேலே தெரிய, அதை நெய்த வேலாயுதத்தின் மடியிலேயே போட்டாள்.

“நல்லா தொட்டுப் பாருண்ணா, இதுவா பவர்லூமு?”