நிரந்தர முகவரி

வாகனப் பதிவு அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் இன்னும் இருவர்தாம் நின்றனர்.

இரண்டாம் கவுன்ட்டரைக் காலையிலேயே மூடிவிட்டார்கள். அங்கே அமர்பவர் விடுப்பாம். "அவரு எதையும் படிக்க மாட்டாரு சார், சீல் மட்டும் குத்துவாரு" என்று தரகர் சொல்லியிருந்தார். படிக்காமல் சீல் குத்தும் அவரை நம்பித்தான் ஆற்றைக் கடந்து வந்தேன்.

முதலாம் கவுன்ட்டரிலிருந்த பெண் அதிகாரியோ ஒவ்வொரு தாளையும் வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் தரகர் தேநீர் குடித்து வருவதாகச் சொல்லிப் போனார். போனவர் வரவில்லை.

பாலத்துக்கு அப்பால் என் மாநிலம். அங்கே வாகன விலையில் நூற்றுக்குப் பதின்மூன்று வரி. இப்பால் நூற்றுக்கு எட்டு. வண்டி ஒன்று, சாலை ஒன்று, சாலையிலுள்ள பள்ளங்களும் ஏறத்தாழ ஒன்றே. நடுவே ஓர் ஆறு ஓடுகிறது என்பதற்காக நான் நாற்பதாயிரம் கூடுதலாகச் செலுத்த வேண்டுமாம்.

இது எந்த ஊர் நியாயம்?

அந்த நாற்பதாயிரம் மிஞ்சினால்தான் இந்த ஆண்டு வண்டி. இல்லையேல் அடுத்த ஆண்டு. என் மனைவியின் முழங்கால்களோ பேருந்துப் படிக்கட்டை அதுவரை பொறுக்கமாட்டா. விற்பனைக்கூடத்தார் இன்று மாலைவரைதான் எனக்காக வண்டியை நிறுத்திவைப்பார்கள்.

இங்கே பதிவு செய்ய வேண்டுமானால் இங்கே குடியிருக்க வேண்டும். பாலத்துக்கு இப்பால் நான் உரிமையோடு நுழையக்கூடிய வீடு ஒன்று உண்டு. மாதத்தில் இரண்டு நாள் அங்கே தங்குவேன். அவ்வீட்டின் எண்ணைச் சொன்னதும் தரகரின் முகம் மலர்ந்துவிட்டது.

"இது போதும் சார். ரெண்டு நாளை முப்பது நாளாக்குறதுதான் நம்ம தொழிலே."

அவர் நீட்டிய உறுதிமொழித் தாளைப் படித்தேன். ஆறு வரிகளில் ஏழு பிழைகள். 'நிரந்தரமாக' என்னும் சொல்லில் வல்லின றகரத்தை இட்டிருந்தார்கள். இதில் கையெழுத்திட என் கை கூசுகிறது என்று சொல்லிவிட்டு, வெள்ளைத்தாள் வாங்கி நானே எழுதினேன்.

'கீழ்க்காணும் முகவரியில் நான் நிரந்தரமாக வசிக்கிறேன்.'

ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்து, மிகக்கூடாத இடத்தில் மிகாமல், ஒருமை பன்மை மயங்காமல் ஆறு வரிகள். முப்பத்தாறு ஆண்டுகள் பிறர் எழுதியதைத் திருத்தியவன் எழுதிய வரிகள். இந்த அலுவலகம் இப்படியொரு தாளை இதுவரை கண்டிருக்காது. அந்த இறுமாப்புத்தான் என்னை வரிசையிலிருந்து விலகவிடாமல் நிறுத்திவைத்தது.

முன்னால் நின்ற தலைக்கவசக்காரரின் தாள் திரும்பி வந்தது. அவருடைய வாடகை ஒப்பந்தத்திலுள்ள வீட்டை இடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்று அதிகாரி நினைவூட்டினார். தலைக்கவசக்காரர் சுவரோரம் ஒதுங்கி நின்று, யாரையோ கைப்பேசியில் திட்டத் தொடங்கினார்.

என் முறை வந்தது.

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளை நீட்டினேன். அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். முகவரிக்கு வந்ததும் அவர் விரல் அங்கேயே நின்றது.

"ஐயா, இது நீங்களே எழுதினதா?"

"நானே எழுதியது."

"எழுத்துல பிழை ஒண்ணும் இல்ல."

சற்றே நிமிர்ந்து நின்றேன்.

"காலந்தான் தப்பு. வசிக்கிறேன்னு நிகழ்காலத்துல எழுதியிருக்கீங்க. போன மாசம் ரெண்டு நாள் வசிச்சீங்க. அடுத்த மாசம் ரெண்டு நாள் வசிப்பீங்க. இன்னிக்கு எங்க வசிக்கிறீங்க?"

மறுத்துப் பேசுவதற்காக வாயைத் திறந்தேன். அந்த வீட்டில் யார் வசிக்கிறார் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அவர் சிவப்பு மையால் தாளின் ஓரத்தில் எழுதினார். எழுத்து சீராகவே விழுந்தது. காது மடல்கள் மட்டும் சிவந்திருந்தன.

'விண்ணப்பதாரர் இம்முகவரியில் வசிக்கவில்லை. எனவே, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

முத்திரை விழுந்தது. தாள் திரும்பி வந்தது.

ஒரு பிழையாவது அகப்பட்டால் அதைப் பிடித்துக்கொண்டு மேலதிகாரியிடம் போகலாம் என்று, ஓரமாக நின்று இருமுறை படித்தேன். இடையினமும் வல்லினமும் தத்தம் இடத்தில் இருந்தன. 'எனவே' என்பதை அடுத்துக் காற்புள்ளிகூட இருந்தது. பட்டம் பெற்றவர்கள்கூட அதை இடுவதில்லை.

நாற்பதாயிரம் போயிற்று. வண்டியும் போயிற்று. இரண்டையும் இழந்தவன் தலை குனிந்து நிற்பதுதான் முறை. என் தலை குனிய மறுத்தது.

சுவரோரம் நின்ற தலைக்கவசக்காரர் என் தாளை எட்டிப் பார்த்தார்.

"உங்களுதும் போச்சா பெருசு? யாரு பெத்த பொண்ணோ, நம்ம உயிரை வாங்குது."

அவரை நோக்கித் திரும்பினேன்.

"'பெத்த' இல்ல தம்பி, 'பெற்ற'" என்று திருத்தினேன். "நான் பெற்ற பெண்."