நெற்றியிலிருந்து இறங்கிய கண்ணாடி

இருதயராஜ் பட்டறையில் சாணைச் சக்கரத்தில் இரும்பு தேய்க்கும்போது பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கூலிங்கிளாஸைக் கண்ணில் மாட்டிக்கொள்வார். சூப்பர்வைசர் தலை தெரிந்தால்தான் மாற்றுவார்.

“நான்தான் அவருக்கு எடுப்பா இருக்கேன்,” என்றது கூலிங்கிளாஸ்.

“உனக்குப் பக்கவாட்டுல மறைப்பே இல்லையே. இரும்புத்தூள் அந்த வழியாத்தான் வரும்,” என்ற பாதுகாப்புக் கண்ணாடி, இன்று இறங்கியே தீருவது என்று முடிவு கட்டியது.

வியர்வையில் சறுக்கி இறங்கியது. அவர் மேலே தள்ளினார். மறுபடி இறங்கியது. மறுபடி தள்ளினார். ஐந்தாம் தடவை அலுத்துப்போய், கூலிங்கிளாஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். “இருந்து தொலை,” என்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கண்ணிலேயே விட்டுவிட்டார்.

சற்று நேரத்தில் ஒரு இரும்புத் துணுக்கு பக்க மறைப்பில் டக்கென்று அடித்தது.

சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த கூலிங்கிளாஸ், “உன் மூஞ்சியில கீறல் விழுந்திருச்சே,” என்றது.

“விழட்டும். அது அவர் கண்ணுக்குன்னு கிளம்பினது.”