ஆல்டர் மேசையின் அருமை

ஹால்வர் தன் கையால் செய்த ஆல்டர் மர மேசையைத் தூக்கி எறியச் சொல்லி, அவன் மனைவி வெர்னா ஆறு மாதமாகச் சண்டை போட்டாள்.

"சால்மன் மீனுக்குப் புகை போடுற விறகுல யாராவது மேசை செய்வாங்களா? கரண்டி விழுந்தாலே குழியாகுது. கெட்டியான ஓக் மர மேசை வாங்கு!"

இன்று அதே மேசைக்கு மெழுகு பூசித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது இங்கேயே இருக்கட்டும். அருமையான மரம்," என்றாள்.

ஹால்வருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நான் அப்பவே சொன்னேனா இல்லையா? எடை கம்மி. சாயம் பூசினா செர்ரி மரமேதான். உளிக்கு அப்படியே அடங்கும்."

"உன்னை மாதிரியே அப்பாவி மரம்," என்று சொல்லி வெர்னா மூன்று தட்டுகளை வைத்தாள்.

மூன்றாவது யாருக்கு என்று அவன் கேட்பதற்குள் அழைப்பு மணி அடித்தது. வாசலில் இரண்டு பெட்டிகளோடு அவன் அம்மா நின்றாள்.

"அம்மா! ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டியே!" என்று ஹால்வர் வாயைப் பிளந்தான்.

"வாங்க அத்தை. மூணு மாசத்துக்கு மாடி அறை தயார்," என்றாள் வெர்னா.

ஹால்வருக்கு வியர்த்தது. "மூணு மாசம்னு உனக்கு யார் சொன்னா?"

"உன் மரம்தான்."

ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்த மேசை மூலையை அவள் காட்டினாள். அவன் பேனாவை அழுத்தி எழுதிய கடிதம், தாளைத் தாண்டி மரத்தில் வரிவரியாகப் பதிந்திருந்தது.

'அன்புள்ள அம்மா, நீயாகவே திடீரென்று வந்தது போல வா. மூன்று மாதம் இருக்கலாம். வெர்னாவால் கண்டுபிடிக்க முடியாது.'

"ஓக்கா இருந்தா இதையெல்லாம் சொல்லுமா?" என்றாள் வெர்னா. "இனிமே எல்லாக் கடிதத்தையும் இதுலயே வச்சு எழுது."